குற்றாலலிங்கம் பிள்ளையும் துரையின் இழுப்பும்

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்த குற்றாலலிங்கம் பிள்ளை சமாதானப் பிரியர். எதிராளி தரையில் விழுந்த பிறகு அவர் ஒருநாளும் சண்டையை நீட்டியதில்லை. விழுவதற்கு முன்னால் நடந்ததைப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள்; சொல்கிறவரின் பல்வரிசையைப் பார்த்தே அவர் எவ்வளவு பக்கத்தில் நின்றார் என்று கண்டுகொள்ளலாம். வண்டிக்காரரை நுகத்தடியால் அடித்தார். எடை போடுகிறவரைத் தராசுத் தட்டால் அடித்தார். அவரவர் தொழிற்கருவியால் அடிப்பதுதான் மரியாதை என்பது அவர் கொள்கை.

இப்பேர்ப்பட்டவர் முப்பத்தாறாம் வருஷம் ஒரு கினியாப்பன்றியிடம் மனத்தைப் பறிகொடுத்தார். பொன்முடித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விட்டார். சாக்கு வாங்கத்தான் பிள்ளை போனார். அங்கே ஒரு மரப்பெட்டிக்குள் முயலுக்கும் பெருச்சாளிக்கும் நடுவில் நின்றுவிட்ட வாலில்லாத ஜீவன் ஒன்று, அவர் விரலை மோந்து பார்த்து, தலையை அதன்மேல் சாய்த்துக்கொண்டது. அந்தக் கைக்கு அதுவரை அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை. சாக்கோடு பெட்டியும் வந்தது. பழைய எஜமானின் ஞாபகார்த்தமாக அதற்குத் ‘துரை’ என்று பெயர். சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் வற்றல் மூட்டைகளுக்கு நடுவே வைக்கோல் படுக்கை. அறுகம்புல்லைப் பிள்ளையே அலசி ஊட்டுவார்.

கொஞ்ச நாளில் துரையின் மூச்சில் சத்தம் வந்தது. முதலில் கிர்கிரென்று, பிறகு துருப்பிடித்த கீல் போல. மூக்கோரம் பொருக்குக் கட்டியது. விலா உள்ளே இழுத்தது. புல்லைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“கண்ணு பட்டிருக்கு அண்ணாச்சி,” என்றார் கணக்கப்பிள்ளை திரவியம். “மொடங்கிருச்சுன்னா பொறவு பொழைக்காது.”

வற்றல், உப்பு, சந்தேகப்படுகிறவரின் காலடி மண் மூன்றையும் துரையைச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். நெடி ஏறினால் மண்ணுக்குரியவர் நிரபராதி. ஏறாவிட்டால் கண் வைத்தது அவர்தான். வற்றலுக்கு அங்கே பஞ்சமில்லை. காலடி மண்தான் வில்லங்கம். பட்டப்பகலில் கடைத்தெருவில் ஒருவர் காலடியில் குனிந்து மண் எடுப்பது, அவரைக் கொள்ளிக்கண்ணன் என்று கொட்டடித்துச் சொல்வதற்குச் சமம். கயிற்றுக்கடைக்காரர் காலைத் தூக்க மறுத்தார். பிள்ளை ஆளையே தூக்கி எறிந்தார். வெல்லக்கடைக்காரரின் மண்ணோடு கொஞ்சம் ரத்தமும் கலந்து வந்தது.

கிட்டங்கிக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கொளுத்தினார்கள். திரவியம் தும்மவில்லை. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் ஒருவரும் தும்மவில்லை. ஆயுசெல்லாம் வற்றல் தூசியில் ஊறிய மூக்குகள். மூட்டையையே நெருப்பில் கவிழ்த்தாலும் அசைந்து கொடுக்காதவை. பிள்ளையின் நீதிமன்றத்தில் அது சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

“பாத்தியளா, ஒரு கமறல் இல்ல,” என்றார் பிள்ளை.

ஆகவே எல்லாரும் குற்றவாளிகள். மண் எடுத்தபோது அடி வாங்கியவர்கள் தீர்ப்புக்குப் பிறகு மறுபடி வாங்கினார்கள். புகை நடுவே துரையின் இழுப்பு கூடியது. கூடக்கூட, இன்னும் ஒரு குற்றவாளி வெளியே உலாவுகிறான் என்ற பிள்ளையின் சந்தேகமும் கூடியது.

அந்தச் சமயம் பார்த்து அடுத்த கடை அழகியநம்பி உள்ளே வந்தார். வெண்கலப் பாத்திர வியாபாரி. வாயில் துண்டு, கண்ணில் தாரை தாரையாக நீர்.

“வே, என்னத்தவே கொளுத்துதீரு? கடையில ஒரு மனுசன் நிக்க முடியல்ல.”

“எங்களுக்கு ஒண்ணும் இல்லியே. ஒமக்கு மட்டும் கமறுதுன்னா, ஒம்ம மனசுல என்னமோ இருக்குவே.”

“மனசுல இல்ல, நெஞ்சுல இருக்கு. ஒங்க மூக்கெல்லாம் செத்து வருசமாச்சு. பொட்டிக்குள்ள கெடக்க பாவத்துக்கு மூக்கு இன்னும் சாவல்ல, அதான் கெடந்து இழுக்கு.”

பிள்ளை கொள்கையை விடாதவர். அடுத்த கடைக்கே ஓடிப்போய் ஒரு வெண்கல உருளியை எடுத்துவந்தார். அழகியநம்பியின் முன்பல் போயிற்று. அழகியநம்பி அதே உருளியைப் பிடுங்கித் திருப்பிச் செலுத்தினார். பிள்ளையின் புருவம் பிளந்தது. எதிராளிக்கு முந்தி அவர் தரையைப் பார்த்தது அன்றுதான்.

புருவக் காயத்தால் வந்த காய்ச்சல் தெளிந்து வீட்டில் எழுந்தவர் முதலில் கேட்டது துரையை.

“நம்பியண்ணன் கொண்டு போயிருக்காவ. நாந்தான் குடுத்தேன்,” என்றாள் மனைவி பொன்னம்மை.

பிள்ளை மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியை எடுத்தார்.

“கொக்கியைக் கொண்டு போங்கோ. குத்துகதுக்கு மின்ன ஒருக்கா பெட்டிக்குள்ள பாத்துருங்கோ.”

பார்த்தார். அழகியநம்பி கடையில் கழுவித் துடைத்த தரை. வைக்கோலுக்குப் பதில் பழந்துணி. துரை புல் தின்றுகொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டார். மெல்லும் சத்தம் மட்டும்தான். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று தீர்மானித்து, வாய் வீங்கிய அழகியநம்பியைத் தாண்டிப் பெட்டியைக் கிட்டங்கிக்குத் தூக்கி வந்தார்.

பொழுது சாய்வதற்குள் கீல் சத்தம் திரும்பியது.

பிள்ளை கையை ஓங்கினார். திரவியம் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார். தெருவில் அடிபடாதவர் எவரும் மிச்சமில்லை. ஓங்கிய கை வேறு வழியில்லாமல் பக்கத்து மூட்டையில் இறங்கியது. சாக்கு கிழிந்து சிவப்பாகத் தூசி கிளம்பியது. பெட்டிக்குள் துரை தும்மி, தும்மி, பக்கவாட்டில் சாய்ந்தது.

பிள்ளை தன் கையைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். நெஞ்சிலும் தூசி என்று நினைவு வர, கைகளை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அழகியநம்பி பெட்டியை வாங்கிக்கொண்டார். பிள்ளை துரையைத் தடவ விரலை நீட்டினார்.

“தொடாதயும். ஒம்ம மேலெல்லாம் வத்தல். இனி பாக்க வந்தா குளிச்சு, முண்டு மாத்திட்டுத்தான் வரணும், கேட்டீரா? முடியாதுன்னா அந்தால நின்னு பாத்துட்டுப் போவும்.”

பிள்ளையின் முஷ்டி மடங்கியது. பெட்டிக்குள் சத்தம் இன்னும் அடங்கவில்லை.

“கெணறு பொறத்தாலயா இருக்கு?” என்று கேட்டார் பிள்ளை.