நான்காவது தடம் காலி

அந்த ஒலிப்பதிவுப் பெட்டி எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில், ஜன்னலை ஒட்டிய பழைய தையல் மேசையின்மேல் இருந்தது. சாதாரண கேசட் நாடாவில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியக்கூடிய பெட்டி அது. இன்று ஒருவர் கிட்டார் பதியலாம், நாளை இன்னொருவர் அதைக் கேட்டபடி வேறொன்றைப் பதியலாம், கடைசியில் நான்கையும் சேர்த்துக் கேட்கலாம். பெட்டிக்குப் பக்கத்தில் நீல அட்டை போட்ட குறிப்பேடு ஒன்றும் நூலில் கட்டிய பேனாவும் இருந்தன. ஒரு வியாழக்கிழமை மாலை அந்தக் குறிப்பேட்டில் நான் எழுதினேன்: ‘நான்காவது தடம் காலி. பாஸ் கிட்டார் பதிந்தேன். ஆரம்பம் முதல் பத்தொன்பதாவது நிமிடம் வரை.’ கையெழுத்து நேராக, மை சிந்தாமல் இருக்கிறது. தேதியும் எழுதியிருக்கிறேன். அதை இங்கே சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் தேதிகளை நம்பியவன் நான். இனி கிழமை போதும்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், செர்டாங்கைச் சுற்றிய ரப்பர்த் தோட்டங்களில் பிறந்த நான்கு பேர் சேர்ந்து மெட்டல் குழு ஒன்று வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத ஆயாக்கொட்டகையில் ஒத்திகை. பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள் ஒரு காலத்தில் பிள்ளைகளை விட்டுப்போன கொட்டகை அது. தொட்டில் கட்டிய கொக்கிகள் உத்திரத்தில் அப்படியே இருந்தன. அவற்றில் ஒலிபெருக்கி வயர்களைத் தொங்கவிட்டோம். கோயில் திருவிழாவில் வாசிக்க இடம் கேட்டபோது, “நீங்க வாசிச்சா சாமியே எந்திரிச்சு ஆத்தத் தாண்டிப் போயிரும்லா” என்றார் கமிட்டித் தலைவர். எங்கள் டிரம்ஸ்காரன் அதை ஒரு விருதுபோல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுடைய மச்சான்தான் பாடுவது. பாடுவது என்றால் அடிவயிற்றிலிருந்து உறுமுவது.

கிட்டார் வாசித்தவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். பேச்சு குறைவு. ஒரு மெட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால்கூட வாயால் முணுமுணுக்க மாட்டார், கம்பியில் வாசித்தே காட்டுவார். ஒருமுறை டிரம்ஸ்காரனின் மச்சான் காய்ச்சலில் படுத்துவிட, இந்த ஒரு வாரம் நீங்கள் பாடுங்கள் என்று கெஞ்சினோம். “நமக்கு வராதுலா, விடு” என்றார். அன்றைய ஒத்திகை முழுவதும் குரல் இல்லாமலே நடந்தது.

நானும் அண்ணனும் ஒரே கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தோம், ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஆனால் எனக்குக் காலை ஷிப்ட், அவருக்கு இரவு ஷிப்ட். நான் புறப்பட்டுப் போன பிறகு அவர் வருவார். நான் மூன்றரைக்குத் திரும்பும்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார், நான் படுத்த பிறகு எழுந்து வேலைக்குப் போவார். மின்விசிறிச் சத்தமும் குறட்டையும்தான் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதற்கான அடையாளம். அடுப்படியில் அவர் கழுவிக் கவிழ்த்த கோப்பையைப் பார்த்து, இன்று காப்பி குடித்திருக்கிறார், இன்று குடிக்கவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

ஒரு திங்கட்கிழமை பெட்டியில் புது நாடா கிடந்தது. காதுக்கருவியை மாட்டிக் கேட்டேன். கிட்டார்க் கம்பிகளைத் தொய்ந்து தொங்கும் அளவுக்குத் தளர்த்திவிட்டு, விரலால் இழுத்து இழுத்து விட்டிருந்தார். தாளம் இல்லை, வேகம் இல்லை. பெருமழைக்குப் பிறகு கூரையிலிருந்து நீர் சொட்டுவதுபோல ஒரு சுரம், நெடுநேரம் கழித்து இன்னொன்று. முப்பது நிமிடம் அப்படியே போனது. எங்கள் குழு வாசித்ததற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. நான் அதன்மேல் இரண்டாவது தடத்தில் பாஸ் கிட்டாரைக் கொஞ்சமாகப் பதிந்துவிட்டு, எழுந்து போய்ச் சோறு வடித்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மூன்றாவது தடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டும் அரிவாளைச் சுவரில் தொங்கவிட்டுத் தட்டிய ஓசை இருந்தது. பின்னால் தொழிற்சாலைச் சங்கு ஒருமுறை ஊதி ஓய்ந்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பேசக்கூடாது என்று யாரும் விதி போடவில்லை, அதுவாகவே விதியாகிவிட்டது. பல மாதங்கள், பல நாடாக்கள் அப்படியே நிரம்பின. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்தோம், அப்போதும் அதைப் பற்றிப் பேச்சு எழாது. மற்ற இருவரும் அதை ‘இன்னொன்னு’ என்று அழைத்தார்கள்.

குறிப்பேடு மட்டும் நான் கொண்டுவந்தது. யார், எந்தத் தடத்தில், எத்தனையாவது நிமிடத்திலிருந்து எத்தனையாவது நிமிடம்வரை என்று பதிந்தவுடன் எழுதிவிட வேண்டும். அண்ணன் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “நீ வாசிக்க வந்தியா, கெராணி வேலை பாக்க வந்தியா?” என்றார். கெராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. ஆனாலும் தவறாமல் எழுதினார்.

அந்த வியாழக்கிழமை குறிப்பேட்டில் மூன்று தடங்களுக்கு மட்டுமே பதிவு இருந்தது. இருந்தும் நான் சரிபார்க்காமல் விடவில்லை. நான்காவது தடத்தை ஆரம்பத்தில் சிறிது கேட்டேன், நாடாவை ஓட்டி ஐந்தாவது நிமிடத்தில் கேட்டேன், பத்தாவது நிமிடத்தில் கேட்டேன். பெட்டியில் ஒலியளவு காட்டும் முள் அசையவில்லை. காலி என்று எழுதிவிட்டு, ஆரம்பத்திலிருந்து பத்தொன்பது நிமிடம் வாசித்துப் பதிந்தேன். அதுவரை வாசித்ததில் அதுதான் எனக்குப் பிடித்தது. அன்று முதல்முறையாக, அவர் கேட்டுவிட்டு ஏதாவது சொல்லமாட்டாரா என்று ஆசைப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை புது நாடா இல்லை. அடுத்த வாரமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ்காரன் கேட்டான்: “அண்ணே, அந்த இன்னொன்னு என்னாச்சு? கேசட் போட்டு விக்கப் போறீங்களா, இல்ல பேய் ஓட்டப் போறீங்களா?”

“போதும்லா. தூக்கி வச்சாச்சு” என்றார் அண்ணன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த மாதம்தான் அவருக்கு ஷிப்ட் மாறியிருந்தது. வீட்டுக்கு வந்து ‘நிறுத்தம். காரணம்: ஷிப்ட் மாற்றம்’ என்று எழுதிக் கோடு போட்டேன். ஓராண்டுக்குள் குழுவும் கலைந்தது. டிரம்ஸ்காரன் ஜொகூருக்குப் போனான், அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது, எனக்கு அலோர் ஸ்டாரில் அரசாங்க வேலை கிடைத்தது. பெட்டியும் குறிப்பேடும், பிஸ்கட் டின்னில் நாடாக்களும் என்னோடு வந்தன.

அலோர் ஸ்டாரில் தனியாகவே இருந்துவிட்டேன். புத்தகங்கள் படிப்பேன். கெடாவின் தமிழ் ராக் குழுக்களைப் பற்றிக் கேட்டறிந்து இணையத்தில் தொடர்ந்து எழுதுகிறேன். யார் எப்போது சேர்ந்தார், எங்கே வாசித்தார் என்பதில் பிழை இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் குழுவைப் பற்றி எழுதும்போது, ஷிப்ட் மாறியதால் அந்தப் பரிசோதனை நின்றது என்று எழுதினேன். அண்ணன் படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்று போட்டிருந்தார். ஆதாரம் உறுதிப்பட்டதாக எடுத்துக்கொண்டேன்.

இந்த ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரத்தில் ஒரு பெண் போன் செய்தாள்.

“செர்டாங்லேர்ந்து பேசுறேன். உங்க பேண்ட்ல கிட்டார் வாசிச்சாரே, அவரோட மக. நீங்க எழுதுறதுல நம்பர் இருந்துச்சு. உங்கள சித்தப்பான்னு கூப்பிடலாமா?”

கூப்பிடலாம் என்றேன். அவள் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, போன வருடம் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பேச்சு கிடையாது. எதையும் போனில் எழுதித்தான் காட்டுகிறார்.

“அப்பா அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வச்சிருக்கேன் சித்தப்பா. பாதிக்கு மேல ‘ரொட்டி வாங்கிட்டு வா’ன்னுதான் இருக்கும். பாட்டு ஒண்ணுகூட இல்ல. சின்ன வயசுலகூட எங்களுக்குப் பாடுனதே இல்ல. ஏம்ப்பான்னு நேத்து கேட்டேன். ஒரு தடவ பாடுனேன், டேப்லன்னு எழுதிக் காட்டுனாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அது உங்ககிட்ட இருக்கா?”

“அப்படி எதுவும் இல்லம்மா. எல்லாத்துக்கும் லிஸ்ட் இருக்கு” என்றேன். என் குரலில் இருந்த உறுதி இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

“லிஸ்ட் இருக்கட்டும் சித்தப்பா. ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்.”

பெட்டியின் ரப்பர் பட்டை இற்றுப்போயிருந்தது. பெக்கான் சாலையை ஒட்டிய சந்தில் ரேடியோ பழுதுபார்க்கும் சீனர் ஒருவர் இரண்டு வாரம் வைத்திருந்து ஓடவைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு நாடாவையும், ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாக, முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் அப்படி நான் கேட்டதே இல்லை. கடைசி நாடாவின் நான்காவது தடத்தில் என் பாஸ் கிட்டார் பத்தொன்பது நிமிடம் ஓடியது. நான் பொத்தானை அழுத்தி நிறுத்திய ‘டிக்’ கேட்டது. அதற்கு அப்பால் ஒரு குரல் இருந்தது.

நான்கு வினாடிகள். ஒரு வரியின் கடைசி எழுத்து நீண்டு, மெல்லத் தாழ்ந்து, அடங்கியது. மூச்சு ஒன்று. நாற்காலி நகரும் ஓசை. அவ்வளவுதான். உறுமல் இல்லை, அவர் உடம்புக்குப் பொருந்தாத மெல்லிய, உயர்ந்த குரல். நான் வாசிப்பை நிறுத்திய இடத்துக்குப் பின்னால், அழிபடாமல் தப்பிக் கிடந்தது அது ஒன்றுதான். அவர் பத்தாவது நிமிடத்துக்கு அப்புறம் எங்கோ பாடத் தொடங்கியிருக்கிறார். குறிப்பேட்டில் எழுதாமல் விட்டிருக்கிறார். நான் கேட்டு, நானாகவே கண்டுகொள்ள வேண்டும் என்று நினைத்திருப்பார். நானோ முதலில் குறிப்பேட்டைப் படித்தேன். அதில் இல்லாதது நாடாவிலும் இருக்காது என்று நம்பியே மூன்று இடத்தில் சோதித்தேன்.

போனில் சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை. ஒரு சனிக்கிழமை பெட்டியையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். பட்டர்வொர்த்தில் மாறி, பாரிட் புந்தாரில் இறங்கினேன். மகள் காரில் வந்து, பாலத்தைக் கடந்து பண்டார் பாரு வழியாக அழைத்துப் போனாள். வழியெல்லாம் செம்பனை. அவள் என் மடியில் இருந்த பெட்டியை இரண்டு தரம் பார்த்தாள்.

அண்ணன் வாசலுக்கு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். இளைத்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. அவர் மூச்சு அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து வந்துபோனது.

“வாங்க தம்பி. கல்யாணத்துல பாத்தது. மண்டை பூரா நரைச்சிருச்சே” என்றார் அண்ணி. “இவரு மட்டும் பேசுனா உங்கள விட்டிருப்பாரா?”

“பேச முடிஞ்சப்ப மட்டும் என்ன பேசிக் கிழிச்சாராம்” என்றாள் மகள். அண்ணன் சிரித்தார். சத்தம் வரவில்லை, துணி மட்டும் அசைந்தது.

தேநீர் வந்தது. நான் குடிக்கவில்லை. “அண்ணே, கடைசி டேப்ல நீங்க பாடுனத நாந்தான் அழிச்சிட்டேன்” என்றேன்.

அவர் போனை எடுத்து எழுதிக் காட்டினார். ‘தெரியும். மறுநாளே கேட்டேன்.’

“ஏண்ணே சொல்லல?”

இந்த முறை நெடுநேரம் எழுதினார். அழித்தார், மறுபடி எழுதினார். திரையை என் பக்கம் திருப்பினார். ‘நீ கேட்டுட்டு, நல்லால்லன்னுதான் காலின்னு எழுதி அழிச்சேன்னு நெனச்சேன். நீதான் எல்லாத்தையும் செக் பண்ற ஆளாச்சே.’

அண்ணி அதை எட்டிப் படித்தார். பிறகு தன் புருஷனைப் பார்த்தார். தொட்டில் ஆட்டும்போதுகூட வாய் திறக்காத மனிதனை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

“நான் கேக்கவே இல்லண்ணே” என்றேன். “இருக்குன்னே எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.”

அவர் என் முகத்தையே சற்றுப் பார்த்தார். பிறகு பெட்டியைக் காட்டி, போடு என்று கையசைத்தார். மிஞ்சிய நான்கு வினாடிகளை மட்டும் போட நாடாவை ஓட்டப் போனேன். அவர் என் கையைத் தடுத்து, ‘11’ என்று எழுதினார்.

பதினோராவது நிமிடத்திலிருந்து நான்கு தடங்களும் சேர்ந்து ஓடின. தளர்ந்த கம்பி, தொங்கும் அரிவாளின் ஓசை, என் பாஸ். அண்ணன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு சுரம் விழுந்து அடங்கியதும் அவர் உதடுகள் அசையத் தொடங்கின. அவரே கட்டிய பாட்டு. சொற்களை மறக்கவில்லை. இடம் பார்த்துத் தொடங்கினார், இடம் பார்த்து நிறுத்தினார், அரிவாள் ஓசைக்குக் காத்திருந்து அடுத்த வரியை எடுத்தார். அவர் குரல் இருந்த இடத்தில் எங்களுக்குக் கேட்டதெல்லாம் என் பாஸ்தான். அதை நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. இன்னொருமுறை அவர் பாடும்போது குறுக்கே போகக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். எட்டு நிமிடம். பாஸ் நின்றது, ‘டிக்’ கேட்டது, அவர் வாய் நீட்டிப் பிடித்த அந்தக் கடைசி எழுத்து பெட்டியிலிருந்து குரலாக வந்தது.

“இது நீங்களா?” என்றார் அண்ணி.

அவர் தலையாட்டினார். மகள் நாடாவைப் பின்னால் ஓட்டி அந்த இடத்தை மறுபடி போட்டாள். பிறகு மறுபடி. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டேன்.

திரும்பும்போது பட்டர்வொர்த்தில் வண்டி மாற முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அண்ணனிடமிருந்து செய்தி வந்தது.

‘அந்த பாஸ் நல்லாருக்குலா. அன்னிக்கே சொல்லிருக்கணும்.’

பதில் எழுதத் தொடங்கினேன். அலோர் ஸ்டார் வண்டி வந்து நின்று, கதவு திறந்தது. நான் இன்னும் ‘அண்ணே’ என்பதைத் தாண்டவில்லை.