பஸ் வரும்வரை செல்லக்கனி சொன்ன சேதிகள்

செல்லக்கனி வாயைத் திறந்தால் ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஹாரனை அடக்கிக்கொண்டு காது கொடுக்கும். சரி, இதில் முக்கால்வாசி புளுகு. லாரிக்காரர்கள் எந்தக் காலத்தில் ஹாரனை அடக்கினார்கள்? ஆனால் மண்ணூர்ப் பக்கத்து நிறுத்தத்தில், அவள் ஒரு சேதியைச் சொல்லி முடிக்கட்டும் என்று கம்பெனி பஸ் ஒன்று இரண்டு நிமிடம் நின்றது சத்தியம்.

திசையன்விளைக்காரி. பதினோரு வருடமாகக் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. மகள் கனிஷ்கா அரசுத் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு. அங்கே பெற்றோர் குழுவுக்குச் செல்லக்கனிதான் தலைவி. பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும். கம்பெனியிலோ போனை லாக்கரில் பூட்டச் சொல்வார்கள். ஷிஃப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால் தடுப்பூசி முகாம் முடிந்திருக்கும், விளையாட்டு விழாப் பந்தலையும் பிரித்திருப்பார்கள். அதனால் காலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்காரர்களின் ஐந்தே கால் பஸ்ஸுக்கு ஒரு தடவை, தான் ஏறும் ஏழே கால் பஸ்ஸுக்கு ஒரு தடவை என்று நிறுத்தத்திலேயே நின்று பள்ளிச் செய்தி சொல்ல ஆரம்பித்தாள். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியடியில் பிள்ளைகளைப் பிடித்துவைத்துக் கேட்ட கதைகளையும் சேர்த்துக்கொள்வாள். ஒரு வயர்க்கட்டில் நாற்பது நிறத்தைச் சரிபார்க்கிற தலை, ஒன்றும் நழுவாது.

போன மாதம் ஒரு டிப்பர் லாரி, சாலையைக் கடந்த மூன்றாம் வகுப்பு ஷாரோனின் செருப்பை நசுக்கிக்கொண்டு போனது. கால் தப்பியது. அவள் கையைப் பிடித்திருந்தது கனிஷ்கா. வீட்டில் கடைசியாகக் கிளம்புகிறவரும் ஏழே காலுக்குப் பஸ் ஏறிவிடுவார்; பள்ளி வாசல் திறப்பது எட்டேகாலுக்கு. இடையில் பிள்ளைகள் தாமாகவே அந்தச் சாலையைக் கடக்க வேண்டியதுதான். வாசலை ஏழு மணிக்கே திறந்து, மகளிர் குழுவில் ஒருவர் பார்த்துக்கொண்டால் பெற்றோரே கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடலாம். அறுபது குடும்பத்தில் முப்பது பேராவது ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானம் போட வேண்டும் என்றார் தலைமையாசிரியை அரவிந்தவல்லி. இந்த வெள்ளி தப்பினால் அடுத்த கூட்டம் காலாண்டு விடுமுறைக்குப் பிறகுதான்.

"வெள்ளிக்கெழம, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சதும் கூட்டம்," என்று வாரம் முழுக்க வயர் கம்பெனி பஸ்ஸுக்கும் கண்ணாடி கம்பெனி பஸ்ஸுக்கும் சொன்னாள். அன்று அரை நாள் லீவு போட்டுப் பள்ளியில் நின்றாள். மூன்று பத்துக்கு வயர் கம்பெனி பஸ் வந்தது. இறங்கி வந்தவர்களையும், பைக்கில் வந்த ஓர் உள்ளூர்க்காரனையும் சேர்த்துப் பதினேழு பேர்.

"மத்தவங்க எங்க செல்லக்கனி?" என்றார் அரவிந்தவல்லி.

வயர் கம்பெனி மாசானம்தான் தலையைச் சொறிந்தான். "யக்கா, கண்ணாடி கம்பெனிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மூணரைக்குல்லா முடியும்? அவுக பஸ் வர நாலே கால் ஆயிரும்."

ஒரே கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தவளுக்கு, உலகத்துக்கெல்லாம் இரண்டரைக்குத்தான் ஷிஃப்ட் முடியும் என்று நினைப்பு. அதற்குள் உள்ளூர்க்காரன் எல்லப்பன் ஹெல்மெட்டை எடுத்துவிட்டான்.

"நாலு மணிக்குத் தண்ணி லாரி வரும். நான் கெளம்பறேன்மா."

"எல்லப்பண்ணே, எங்க போறிய? ஒங்க மவ சேதி ஒண்ணு இருக்கு."

"சொல்லு, கேட்டுகினே போறேன்."

"வரிசையாத்தான் சொல்லுவேன். ஒங்களுக்கு முன்னால பதினாறு பேரு இருக்காவ."

"நல்லா கீதும்மா! இது பள்ளிக்கூடமா, ரேஷன் கடையா?"

எல்லோரும் சிரித்தார்கள், சிரித்ததில் நாலு பேர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செல்லக்கனி பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அவசரக்காரர்களின் பிள்ளைகளைக் கடைசிக்குத் தள்ளி, நிதானமாகச் சொன்னாள். ஷாரோன் நீளம் தாண்டியது எத்தனை அடி, தாண்டுவதற்கு முன் எந்தச் சாமியைக் கும்பிட்டாள் என்பதுவரை. மாசானத்தின் மகன் அருள்பாண்டி உலக உருண்டையில் ஒரகடத்தைத் தேடிக் காணாமல் பேனாவால் தானே ஒரு புள்ளி வைத்துவிட்டான் என்றதும் அரவிந்தவல்லி நிமிர்ந்தார்.

"அது இவன் வேலைதானா? புள்ளிய ஆப்பிரிக்காவுல இல்ல வெச்சிருக்கான்!"

"கம்பெனிய அங்க மாத்திட்டாவளோ என்னவோ டீச்சர்," என்றான் மாசானம்.

நாலு மணி தாண்டியது. பதினாறு சேதியும் தீர்ந்தது. எல்லப்பன் வாசல் வரை போய்விட்டான். செல்லக்கனிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"அண்ணே, ஒங்க சுபஸ்ரீ. போன வருசம் பூரா கிளாசுல வாயத் தொறக்காத பிள்ள. செவ்வாக்கெழம எந்திரிச்சு நின்னு ஒரு பக்கம் முழுசா வாசிச்சிட்டா."

எல்லப்பன் திரும்பி, செல்லக்கனியை விட்டுவிட்டு ஆசிரியையைப் பார்த்தான்.

"ஆமாம் எல்லப்பன்," என்றார் அரவிந்தவல்லி. "ரெண்டு தடவ வாசிச்சா. ரெண்டாவது தடவ நான் கேக்கவேயில்ல, அவளாவே."

"வூட்ல ஒரு வார்த்த சொல்லலியே." ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். "எந்தப் பக்கம் டீச்சர்? காட்டுங்க." புத்தகம் வந்தது. அந்தப் பக்கத்தை அவனும் விரல் வைத்து மெல்ல வாசித்தான். தண்ணீர் லாரி வந்து, நின்று, போயே போய்விட்டது.

நாலே காலுக்குக் கண்ணாடி கம்பெனி பஸ் நின்று பன்னிரண்டு பேர் இறங்கினார்கள்; செல்லக்கனியோடு சேர்த்து முப்பது. வந்தவர்கள் உட்காரும் முன்பே தீர்மானத்தைப் படித்தாகிவிட்டது. முப்பது கையும் உயர்ந்தன. எல்லப்பன் மட்டும் இரண்டு கையையும் தூக்கி, ஒன்றை இறக்கு என்று ஆசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். திங்கள்கிழமை முதல் ஏழு மணிக்கு வாசல் திறக்கும்.

அரவிந்தவல்லி தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தார். "பெற்றோர் குழுத் தலைவி திருமதி செல்லக்கனி, பள்ளியின் செய்திகளை ஒரு மணி நேரம் எடுத்துரைத்தார்."

மாசானம் எழுந்து நின்றான்.

"ஒரு மணி அஞ்சு நிமிசம் டீச்சர். அந்த அஞ்சு நிமிசத்த ஓவர்டைம்னு போடுங்க."