எனக்குப் பதிலாகக் கத்துங்கள்

செங்கம் ரோட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில், அடுத்த அறைக்காரர் ஒரு வெள்ளைக்காரர். மௌன விரதம் இருந்தார். நெட்டை உடம்பு, வெயிலில் தோலுரிந்த மூக்கு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய சிலேட்டு. எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுவார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்தவர், ஒரு டிரான்சிஸ்டரை மட்டும் விடவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தில் கால்பந்து சீசன் தொடங்கியது; அவர் ஊர் டீமுக்கு முதல் ஆட்டம். அன்று சாயங்காலம் கரகரக்கும் ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டு, அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"பேசிடுங்க சாமி, வெடிச்சிடப் போறீங்க" என்றார் வீட்டுக்கார அம்மா.

திடீரென்று ரேடியோவில் பெரும் இரைச்சல். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிலேட்டில் எழுதி என்னிடம் நீட்டினார்: "கோல். தயவுசெய்து எனக்குப் பதிலாகக் கத்துங்கள்."

நானும் ஆபீசில் வாயைத் திறக்காமலே வருஷங்களை ஓட்டியவன். தெருவே திரும்பிப் பார்க்கும்படி "கோல்!" என்று கத்தி, துள்ளிக் குதித்தேன்.

"நம்ம ஆளுங்களா போட்டாங்க?" என்று அந்த அம்மாவும் கை தட்டினார்.

அவர் இல்லையென்று மெதுவாகத் தலையாட்டினார்.

அவர் கேட்டது வேறு கத்தல். அதை எப்படிக் கத்துவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.