மாடி அவரையும் மீன் பக்கெட்டும்

கல்லூரியில் வேளாண்மை படிக்க ஆசைப்பட்டேன். "பொம்மனாட்டிக்கு வயக்காட்டுல என்ன வேலை?" என்று அப்பா என்னை வணிகவியலில் தள்ளிவிட்டார். படித்தேன். தி. நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கப் போனேன். கல்யாணமாகி மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் குடிவந்தேன். அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் மன்னிக்கவில்லை. மொட்டை மாடியில் நான் வரிசையாக வைத்த தொட்டிகள் எல்லாம் அவருக்கு நான் சொன்ன பதில்தான்.

அந்தப் பதில் சரியாக வளர மாட்டேன் என்று அடம்பிடித்தது. போர் தண்ணீரில் உப்பு. மேலே மாடி வெயில். அவரைக் கொடி பந்தல் கொள்ளாமல் பூக்கும், மறுநாள் அத்தனை பூவும் தரையில் கிடக்கும். "கறிகாய்தான் கடையில கிடைக்கறதே, உனக்கு ஏன் இந்த அவஸ்தை?" என்பார் என் கணவர். நல்ல மனிதர்தான். ஆனால் வயல் வேண்டும் என்று ஏங்கியது அவரில்லையே.

தொண்ணூறுகளின் கடைசியில் பாண்டி பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் பிரௌசிங் சென்டர் திறந்தார்கள். மதிய சாப்பாட்டு டப்பாவை அவசரமாகக் காலி செய்துவிட்டு அங்கே ஓடுவேன். சுற்றிலும் எல்லாரும் அமெரிக்கக் காலேஜும் மாப்பிள்ளையும் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் எருக்குழி தேடுவேன். "இன்னா மேடம், டெய்லி மாட்டுச் சாணியே பாத்துக்கினு கீறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "உங்களுக்கு வேணுமானா நல்ல மாப்பிள்ளை பாத்துச் சொல்றேன்" என்றேன். அதற்கப்புறம் அவர் என் திரையை எட்டிப் பார்க்கவில்லை.

அப்படித் தேடியதில்தான் அந்தப் பக்கம் கிடைத்தது. இன்றைக்கு அதை வலைப்பதிவு என்பார்கள். அன்று எங்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது. கொங்கணக் கடற்கரையில், வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்கிய ஒருவர், தன் தோட்டத்தில் அந்த வாரம் நடந்ததை எளிய ஆங்கிலத்தில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு படம் முழுசாக வருவதற்குள் பொறுமை போய்விடும். முதலில் வானம் வரும், பிறகு தென்னை மட்டை, கடைசியில் சேற்றில் நிற்கும் அவர் கால். பாடப் புத்தகத்தில் எல்லாப் பயிரும் விளைந்துவிடும். இவர் பக்கத்தில் பாகற்காய் செத்தது, எலி தின்றது, தவறு என்னுடையதுதான் என்றும் எழுதியிருந்தது. அதனால்தான் அவரை நம்பினேன்.

செடிக்கு ஊற்றும் தண்ணீரை முதலில் உன் நாக்கில் வைத்துப் பார் என்று எழுதியிருந்தார். வைத்துப் பார்த்துத் துப்பினேன். அன்றிலிருந்து போர் தண்ணீரை நிறுத்திவிட்டு, அரிசி களைந்த தண்ணீரைச் சேர்த்து ஊற்றினேன். வெறும் மண் வெயிலில் வெந்துபோகும் என்றார். தெருவில் பெருக்கிக் குவித்த சருகை மூட்டையாகக் கட்டி மாடிக்கு ஏற்றினேன். செடிகள் தலை நிமிர்ந்தன. பூ மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு அவர் சொன்ன மருந்து, மீன் கழிவும் வெல்லமும் சம அளவில் கலந்து, மூடி ஊறவைத்து, வடிகட்டி, நிறையத் தண்ணீரில் துளி விட்டுத் தெளிப்பது.

நாங்கள் முட்டைகூட வாங்காதவர்கள். கட்டடம் முழுக்க அப்படித்தான். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அம்மாள் முன்னால் நான் நின்றபோது கை கூசியது, பொய் சொல்லவில்லை.

"தலையும் குடலும் மட்டும் வேணும். செடிக்கு" என்றேன்.

"செடி மீன் துன்னுதா? நல்லா கீதே கதை!" என்று அவள் சிரித்தாள். "வூட்டுக்குத் தெரியாம துன்றியா? சொல்லும்மா, என்கிட்ட இன்னா வெக்கம்?"

வீட்டுக்கு வரும் வழியில் கூச்சம் போய்க் கோபம் வந்தது. மாட்டுச் சாணம் ஆகும், மீன் ஆகாதா? நாம் தின்னும் அரிசி விளைந்த வாய்க்காலில் மீன் செத்ததே இல்லையா? பக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். அது ஆடி மாதம். முதலில் நாறியது, மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறினேன். அவர் எழுதியிருந்தபடியே மெல்ல மெல்லப் பழவாசனையாக மாறியது. மார்கழியில் அவரை கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

அந்தத் தை மாதம் எங்கள் கட்டடச் சங்கத்தின் செயலாளர் மாமா வாசலில் வந்து நின்றார். அவருடைய அப்பாவுக்குத் திவசம். கேரட், கோஸ் மாதிரி இங்கிலீஷ் காய் சேர்க்கக் கூடாது, அவரைக்காய் உசத்தி. "மார்க்கெட் காய்னா யார் யார் கை பட்டதோ. நம்மாத்துப் பொண்ணு நீ. குளிச்சுட்டுப் பறிச்சுக் குடும்மா, மடியா இருக்கும்" என்றார். குளித்தேன், பறித்தேன், கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று என் கணவர் இன்றும் கேட்கிறார். எதற்குச் சொல்ல வேண்டும்? எந்தக் காய்க்காரரிடம் உரம் என்னவென்று அந்த மாமா கேட்டார்?

பங்குனியில் அடுத்த பக்கெட் போட்டேன். இந்த முறை பூனைகள் காட்டிக்கொடுத்துவிட்டன. தண்ணீர் அளவு பார்க்க மாடிக்கு வந்த மாமா, பந்தியில் இலைக்குக் காத்திருப்பது போல் பூனைகள் பக்கெட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மூடியைத் திறந்தார். போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

ஞாயிறு காலை மாடியிலேயே கூட்டம். "விட்டுக்கொடுத்துடேன்" என்று படியேறும்போது கணவர் முணுமுணுத்தார். முடியாது என்றேன்.

"மனுஷா குடியிருக்கற எடம் இது. பக்கெட்டு, தொட்டி, பந்தல், ஒண்ணும் இங்க இருக்கப்படாது. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடணும்" என்றார் மாமா.

"பக்கெட்டை எங்காத்துக்குள்ள கொண்டுபோய் வெச்சுக்கறேன் மாமா. தொட்டி என்ன பண்ணித்து?"

"மீனை ஊத்தி வளத்த காயை எவன் சாப்பிடுவான்?"

"நீங்க சாப்பிட்டேள் மாமா. தை மாசம். உங்கப்பா திவசத்தன்னிக்கு."

மாமாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. அவருடைய பதிலுக்குப் பதில் சொல்ல நான் தயாராக நின்றேன். முந்திக்கொண்டது அவர் பின்னால் நின்ற அவர் மனைவி, மாமிதான்.

"சாஸ்திரிகள் அந்தக் கறியை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டார்" என்றாள். "காக்காயும் கூப்பிட்ட உடனே வந்துது. உங்கப்பா ஒண்ணும் வேண்டாம்னு திருப்பி அனுப்பலையே."

யாரோ சிரித்தார்கள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். எந்தத் தீர்மானமும் எழுதாமல் கூட்டம் கலைந்தது. சொன்னபடி பக்கெட் எங்கள் பால்கனிக்கு வந்தது. தொட்டிகள் அங்குலம்கூட நகரவில்லை. மறுநாள் மதியம் நடந்ததையெல்லாம் அந்தக் கொங்கண மனிதருக்கு மின்னஞ்சலில் எழுதினேன். அடுத்த வாரம் அவர் பக்கத்தில், தான் சொன்ன மருந்தால் சென்னையில் ஒரு பெண் அவரையும் விளைவித்தாள், சண்டையும் விளைவித்தாள் என்று இருந்தது. அச்சில் வந்த பட்டம் மாதிரி அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாமா அதற்குப் பிறகு படியில் என்னைக் கண்டால் சுவரைப் பார்ப்பார். நானும் ஒதுங்கவில்லை. அடுத்த தை மாதம், ஒரு காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாமி கையில் பையோடு நின்றாள்.

"நாளைக்குத் திவசம். அவரைக்காய் இருக்கா?"

"இருக்கு மாமி. ஆனா அதே மருந்துதான்" என்றேன்.

"நான் கேட்டேனா?" என்றாள் மாமி. "பிஞ்சாப் பாத்துப் பறி. போன தடவை மாமாவே சொன்னார், காய் கொஞ்சம் முத்தலாம்."