மரியாதையால் கட்டிப்போட்டேன்

நான் அந்த அம்மாளிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதே இல்லை. அந்த மரியாதையைக் கொண்டே அவரை மாதக்கணக்கில் நாற்காலியில் கட்டிப்போட்டேன். இதுதான் என் குற்றம். நீங்கள் முகம் சுளித்தாலும் சரி, கேளுங்கள்!

முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி, மலாய் நாட்டு ஜித்ராவுக்கு வந்தவள் நான். வீட்டுக்கார அம்மாள் பெயர் மரகதம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி, பிறகு பசார் என்கிற சந்தையில் காய்கறிக் கடை போட்டு மகனை ஆளாக்கியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. "தினமும் நடக்க வையுங்கள்" என்று மருத்துவர் என்னிடம்தான் சொன்னார்.

நான் நடக்க வைக்கவில்லை. அவர் விழுந்தால் பழி என்மேல் வரும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பயம் மட்டும்தானா? சோம்பலும்தான்... அவரைத் தாங்கிப் பிடித்து நடத்துவது முதுகு ஒடிகிற வேலை!

அவர் எழ முயலும்போதெல்லாம் ஓடிப்போய், "நீங்க ராணி மாதிரி உக்காருங்கம்மா, எடுத்துக் குடுக்க நான் இல்லையா?" என்பேன். சமையலறைக்கா? "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?" வாசலுக்கா? "வெயிலும்மா, கண்ணு கூசும்." தேன் ஒழுகும் குரல்! யாரால் கோபித்துக்கொள்ள முடியும்? அவர் மகன், வருகிறவர்களிடமெல்லாம் என் பேச்சைப் புகழ்ந்தார். வெட்கமாக இல்லையா என்கிறீர்களா? அப்போது இல்லை.

ஒரு காலை, நான் நீட்டிய தேநீரைத் தட்டிவிட்டு, அந்த ஊர்ப் பேச்சின் 'லா' போட்டுக் கத்தினார்.

"ராணி, ராணின்னு சொல்லியே என்னை உக்கார வெச்சிட்டியேடி! நான் என்ன பொம்மையா லா?"

சுடுதேநீர் என் காலில் கொட்டியது. எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்படின்னா எழுந்திரிச்சு வா, பாக்கலாம்!"

கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் முறைத்தார்... பிறகு சிரித்தார்!

"இப்பத்தான் மனுஷிகிட்ட பேசுற மாதிரி பேசுற. கைய குடு."

எழுந்தார்! தொடை நடுங்க, என் தோளில் நகம் பதிய, வாசற்படி வரைக்கும் வந்துவிட்டார்! கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏய், நான் நடந்துட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா கைதட்டினார். நான் ஓவென்று அழுதேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் தினமும் சண்டைதான். "இன்னும் கொஞ்சம் நட" என்பேன். "போடி கொடுமைக்காரி" என்பார், ஆனாலும் நடப்பார். போன வாரம் மகனின் காரில் கோலா கெடா மீன் பசாருக்கே போனோம்! ஈரத் தரையில் கைத்தடியை ஊன்றி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி மீன் வாங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அந்தக் கைத்தடி... ஆரம்பத்திலேயே நடந்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இடது கால் சூம்பிவிட்டது. இனி அது தேறாதாம்.

"இவ்ளோ நாளா ஏன் வரல அக்கா?" என்று கேட்டார் பழக்கமான மீன்காரர்.

அம்மாள் என் தோளைத் தட்டினார். "இவளுக்கு என்மேல பாசம் ஜாஸ்தி, தம்பி. விழுந்துடுவேன்னு நடக்கவே விடல."

பாசமாம்! மீன் பையை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.