சொல்லாமல் நிறுத்திய சர்வர்

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்க இரண்டே பேர்: நானும், பாதி நாள் விடுப்பில் இருக்கும் இன்னொருவரும். மாணவர்களின் மதிப்பெண்கள் எல்லாம் ஒரே ஒரு பழைய சர்வரில் இருந்தன. வாரத்துக்கு ஒருமுறையாவது அது நின்றுவிடும். புதிது கேட்டு எழுதினால், "அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்ற பதில் தவறாமல் வரும். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

சர்வர் நின்றால் எச்சரிக்கும் மென்பொருள் எங்களிடம் இல்லை. தேவைப்படவும் இல்லை. மாடியில் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் அக்கா இருந்தார். கோலார் தங்கவயலில் இருந்து தினமும் ரயிலில் வருபவர். சர்வர் நின்ற அரை நிமிடத்தில் என் போன் அடிக்கும்.

"தம்பி, மறுபடியும் படுத்துக்கிச்சிப்பா."

"பாக்குறேன்க்கா."

"பாத்துக்கினே இரு. நான் அதுக்குள்ள காபி குடிச்சிட்டு வந்துடறேன்."

கடைசியில், ஆய்வகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்கள் மூன்றைக் கேட்டு வாங்கினேன். பிரித்து, நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கினேன். பழைய சர்வர் நின்றால் இது தானாகவே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்கிறதா என்று அறிய ஒரே வழி, பழையதை நாமே நிறுத்திப் பார்ப்பதுதான். சொன்னால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. போன் அடிக்கவே இல்லை. பெருமை தாங்காமல் மாடிக்குப் போனேன்.

அக்கா தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"அக்கா, இன்னிக்கு சிஸ்டம்ல எதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"காத்தால போட்ட மார்க்கு ஒண்ணுத்தையும் காணோம்பா. நாப்பது பேரோடது."

மதிப்பெண்கள் புதிய பெட்டிக்கு நாளுக்கு ஒருமுறைதான் நகலாகும்படி வைத்திருந்தேன். அன்று காலை போட்டது எதுவும் அதில் இல்லை. இவ்வளவு எளிய விஷயம் எனக்குத் தோன்றாமல் போயிருந்தது.

"ஏன்க்கா எனக்குப் போன் பண்ணல?"

"கீழ நீ எதையோ நோண்டிக்கினு இருக்கன்னு தெரிஞ்சுது. போன் பண்ணா பயந்துக்குவ. சரி, திரும்ப அடிச்சிடலாம்னு உக்காந்துட்டேன். இன்னும் பத்து பேருதான்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பழைய சர்வரில் அந்த மதிப்பெண்கள் இருந்தன, ஆனால் அதைத் திரும்ப எழுப்ப ஒரு மணி நேரமாவது ஆகும். நாற்காலியை இழுத்துப் போட்டு, மிச்சமிருந்த மதிப்பெண்களை நான் படித்தேன், அவர் அடித்தார்.

"மெதுவா படிப்பா. ஏலம் விடுறாப்பல ஓட்டாத."

அன்று மதியமே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நகலாகும்படி மாற்றினேன். அடுத்த மாதம் மறுபடியும் சோதிக்க நினைத்தபோது, முதலில் அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம வேணாம், ரிசல்ட்டு இருக்குது. புதன்கிழம பண்ணு. நான் ரெண்டு பேரு மார்க்கு போட்டுட்டு சொல்றேன், அப்புறமா புடுங்கு."

புதன்கிழமை அவர் சொன்ன பிறகு, பத்து நிமிடம் பொறுத்துப் பிடுங்கினேன். மேலேயிருந்து போன் வந்தது.

"இருக்குதுப்பா," என்றார் அக்கா. "ரெண்டும் இருக்குது."