சர்க்யூட் போர்டுக்கு வளைகாப்பு

தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு அமிலம் அளக்கும் மீட்டர் செய்கிற வேலை, அடுத்தவன் தப்புக்குத் திட்டு வாங்குகிற வேலை. படித்தவருக்குக் கீழே பல்லைக் கடித்து உழைத்தவர்களுக்கு இது புரியும். எண்பதுகளில் வேலூரில் ஒரு பட்டறையில், செம்புத் தகட்டில் பெயின்ட்டால் கோடு வரைந்து, மருந்துத் தண்ணீரில் அரித்து போர்டு செய்தேன். படிப்பு ஐந்தாவது.

வளையல்

தோல் ஊறும் தொட்டியில், அமிலம் அளக்க முக்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து வருகிற மின்சாரம் கண்ணுக்கே எட்டாத அளவு. போர்டில் ஈரமோ உப்போ பட்டால் வழியிலேயே கசிந்துவிடும். அதனால் அந்தக் குழாயின் கம்பி போர்டில் சேரும் இடத்தைச் சுற்றிச் செம்பு வளையம் வரைந்து, கம்பியில் இருக்கிற அதே அளவு வோல்டேஜை அதற்கும் கொடுப்பேன். இரண்டும் சமம் என்பதால் கசிவு அங்கே நின்றுவிடும். பத்துப் பதினைந்து போர்டைக் கெடுத்துக் கற்றது. புதிதாக வந்த இன்ஜினியர் பார்த்துச் சிரித்தார். "இன்னாய்யா, போர்டுக்கு வளைகாப்பா? இடம் வேஸ்ட், எடுத்துடு."

கை சுத்தம்

வளையம் இல்லாத மீட்டர் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்புக்குப் போனது. அங்கே தோலுக்குப் போட்ட உப்புக் கையோடுதான் மீட்டர் மூடியைத் திறந்து உள்ளே திருகுவார்கள். முள் அமிலம் கம்மி என்று காட்ட, மேலே மேலே ஊற்றியிருக்கிறார்கள். ஒரு தொட்டித் தோல் முழுவதும் காகிதமாகக் கிழிந்தது. அங்கத்து ஃபோர்மேன் பாய் பட்டறைக்குப் போன் போட்டுக் கத்தினார். போனைப் பிடித்தபடியே, பட்டறை வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் இன்ஜினியர் என்னைக் கை காட்டினார். முதலாளி என்னை நாளையிலிருந்து வராதே என்று சொல்ல, அவர் சொன்ன ஒரு வார்த்தை போதும். "சால்டரிங் பண்ணது இவன்தான் பாய், இவனுக்குக் கை சுத்தம் கெடையாது."

ஊதிப் பாருங்க

திருடனைச் சொல்கிற சொல் அது. விடுவேனா? மறுநாள் வளையம் போட்ட என் பழைய போர்டையும், வளையம் இல்லாத இன்ஜினியர் போர்டையும் எடுத்துக்கொண்டு ஆம்பூருக்கே போனேன். முதலாளியும் இன்ஜினியரும் கூட வந்தார்கள். "உங்க உப்புக் கையாலயே தொட்டு, ஊதிப் பாருங்க பாய்" என்றேன். இன்ஜினியர் போர்டை மாட்டிய மீட்டரில் முள் ஓடியது. என் போர்டில் அசையவில்லை. பாய் இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், வளையல் போட்ட பொண்ணுதான் ஒழுங்கா கீது!"

மூலையில் இரண்டெழுத்து

வேலை தப்பியது. மன்னிப்பு வரவில்லை. அடுத்து வந்த போர்டுகளில் எல்லாம் என் வளையம் இருந்தது. மூலையில் செம்பிலேயே இன்ஜினியரின் இனிஷியலும் இருந்தது. இது என்ன நியாயம் என்று முதலாளியிடமே கேட்டேன். "அஞ்சாவது படிச்சவன் பேரைப் போட்டா மீட்டரை எவன்யா வாங்குவான்?"

வளைகாப்பு செய்தவன் நான், பிள்ளைக்கு இனிஷியல் மட்டும் இன்ஜினியருடையது.